‘தலை’ என்று கத்தினால் குனிய வேண்டும்

டன்லாப், மிசிசிப்பி
24 ஆகஸ்ட் 1997

ரீட்டா அம்மாவுக்கு,

இப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஜூன் மாதம் ஹெரன்ஸ் பேஸ்பால் அணியில் ஆட வந்து உங்கள் வீட்டுக் கீழ்த்தள அறையில் என் பையை வைத்த அன்றே, “மேடம் மேடம்னு சொல்லாத, என்னமோ ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி இருக்கு, அம்மான்னே கூப்பிடு” என்று சொன்னீர்கள். வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை.

சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன் என்று கோபமாக இருப்பீர்கள். பதினோராம் தேதி மேனேஜர் கூப்பிட்டு, “போதும் தம்பி, ஊருக்குப் போய் கொஞ்ச நாள் இரு” என்று சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் முப்பத்தொரு முறை மட்டை பிடித்தேன். இரண்டு முறைதான் பந்து உருப்படியாகப் பட்டது. சுற்ற வேண்டிய நேரத்தில் கை அப்படியே நின்றுவிடுகிறது. என்னை வைத்துக்கொண்டு ஹெரன்ஸ் அணி என்ன செய்யும்?

நீங்கள் சிகாகோ ஆஸ்பத்திரியில் மார்னியோடு இருந்தீர்கள். லியோ சார்தான் பஸ் நிலையம் வரை வந்து விட்டார். சாண்ட்விச் வாங்கிக் கையில் திணித்துவிட்டு, பஸ் கிளம்பும்வரை நின்றார்.

மார்னி எப்படி இருக்கிறாள்? போன் செய்ய நாலைந்து தடவை எடுத்தேன். எண்ணைச் சுற்றி முடிப்பதற்குள் வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம். இரண்டு வரி எழுதினால் போதும். எழுதவில்லை என்றாலும் புரிந்துகொள்வேன்.

எமெட்


ஹார்லன், இலினாய்
5 செப்டம்பர் 1997

எமெட்டுக்கு,

இரண்டு வரி போதுமாம். என் சமையலறையில் ஒரு வேளைக்கு ஆறு முட்டை தின்றவன் இரண்டு வரியில் திருப்தி அடைகிறேன் என்கிறான். உட்கார்ந்து முழுசாகப் படி.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. விடிந்ததும் பஸ் எடுக்கிறேன். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் கொண்டுபோய் இறக்கிவிட்டு, ரயில் பிடித்து சிகாகோ போய் என் பிள்ளையைப் பார்க்கிறேன். மறுபடி ஓடி வந்து சாயங்கால டிரிப். என் பஸ்ஸில் மார்னி வழக்கமாக உட்காரும் இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை. ஒரு தாய் கம்ப்ளெயின்ட் செய்திருக்கிறாள். செய்யட்டும்.

மூன்றாவது ஆபரேஷன் முடிந்தது. பந்து இடது புருவத்துக்கு மேலே பட்டதால் வலது கையும் காலும் விளங்கவில்லை. பேச்சு இல்லை. கண் திறக்கிறாள், என்னைப் பார்க்கிறாள். அடையாளம் தெரிந்துதான் பார்க்கிறாளா என்று டாக்டரைக் கேட்டால், “பொறுத்துப் பாப்போம்” என்கிறார். எட்டு வயசு, எமெட். வாய் ஓயாத பிள்ளை.

எனக்கு ஆறவே இல்லை. பெரிய லீக் ஆட்டம் பார்க்க நாங்கள் சிகாகோ போனால் கார் நிறுத்துவதற்கே பாதிப் பணம் போய்விடும். எங்களை மாதிரிப் பேர் குடும்பத்தோடு வெளியே போக ஹார்லன் மைதானத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது? புல்வெளி டிக்கெட் நாலு டாலர், செவ்வாய்க்கிழமை ஹாட் டாக் ஒரு டாலர், வெள்ளிக்கிழமை வாணவேடிக்கை. நீ எங்கள் வீட்டில் தங்கிய பிறகு டிக்கெட்டும் வாங்க வேண்டியதில்லை, உன் பெயரில் பாஸ் காத்திருக்கும். மூன்றாவது பேஸ் பக்கம், ஏழாவது வரிசை. நல்ல இடம் என்று பெருமைப்பட்டோம். அந்தப் பக்கம் பந்தைத் தடுக்க வலை இல்லை என்று யாருக்குக் கவலை?

ஆனால் நான் கவலைப்பட்டேன், தெரியுமா? நானே அந்த மைதானத்தில் வளர்ந்தவள். பந்து கூட்டத்துக்குள் வந்தால் எல்லோரும் ‘தலை, தலை’ என்று கத்துவார்கள். பழக்கமில்லாதவன் எங்கே என்று நிமிர்ந்து பார்ப்பான், மூக்கு உடையும். பழகினவன் பார்க்கவே மாட்டான். கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு குனிந்துவிடுவான். இதை மார்னிக்கு நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். காலையில் கார்ன்ஃப்ளேக்ஸ் சாப்பிடும்போது திடீரென்று ‘தலை’ என்று கத்துவேன். ஸ்பூன் ஒரு பக்கம் பறக்கும், அவள் மேசைக்கடியில் இருப்பாள். நீயே பார்த்துச் சிரித்திருக்கிறாய்.

அப்படியிருக்க அவள் ஏன் நிமிர்ந்தாள்? பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அவள் அப்பா லியோ, “நான் தலைன்னு கத்தினேன், அவ நிமிந்துட்டா” என்கிறார். என் பிள்ளை நிமிர மாட்டாள். நான் அன்று பள்ளி லீவில் பார்க்கும் பேக்கரி வேலையில் இருந்தேன். நீ அவள் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றவன். லியோ கத்தினாரா இல்லையா? என்ன பார்த்தாயோ அதை எழுது.

ரீட்டா


டன்லாப்
21 செப்டம்பர் 1997

ரீட்டா அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். மார்னி கண் திறந்தாள் என்பதை அப்பாவிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்று மட்டும் தலையை ஆட்டி, “நல்ல செய்திதான்” என்றார்.

இங்கே அவருடைய மீன் குளங்களில் வேலை செய்கிறேன். பதினொரு குளம். சாயங்காலம் தீனி வீசினால் தண்ணீர் முழுக்கக் கொதிக்கிற மாதிரி இருக்கும். இந்த வருடம் மீன் நன்றாகப் பெருத்திருக்கிறது. வெயில்தான் தாங்கவில்லை.

நீங்கள் கேட்டது பற்றி. மைதானத்து விளக்கு போட்ட நேரம் அது. வானம் இன்னும் இருட்டவில்லை, கண் கூசும். பந்து மட்டையில் சரியாகப் படவில்லை என்பது கைக்குத் தெரிந்தது. மேலே போய், சுழன்று, மூன்றாவது பேஸ் பக்கம் இறங்கியது. நான் பந்தைத்தான் பார்த்தேன். அடித்தவன் பந்தைத்தான் பார்ப்பான், அம்மா. மற்றதெல்லாம் கலங்கலாக இருக்கிறது.

மார்னி கேட்பாள் என்றால் அவளிடம் சொல்லுங்கள், குளத்தில் ஒரு கொக்கு தினமும் வருகிறது. ஹெரன்ஸ் அணியின் கொக்கு வேஷக்காரரைவிட நன்றாக நடக்கிறது.

எமெட்


ஹார்லன்
14 அக்டோபர் 1997

எமெட்டுக்கு,

நான் கொக்கைப் பற்றிக் கேட்கவில்லை.

மார்னி வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்ஷூரன்ஸ்காரர்கள் இனி ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். முன்னறையில் சோபாவை எடுத்துவிட்டுக் கட்டில் போட்டிருக்கிறோம். அவளைத் தூக்கிக் குளிப்பாட்ட இரண்டு பேர் வேண்டும். லியோ தோள்பக்கம், நான் கால்பக்கம். அந்த நேரத்தில் மட்டும் நானும் அவரும் பேசிக்கொள்கிறோம். “தூக்கு.” “இறக்கு.” அவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

மைதானத்திலிருந்து ஒரு பெண் கேக்கும் கையுமாக வந்தாள். அடுத்த சீசன் முழுக்க எங்கள் மூன்று பேருக்கும் இலவச டிக்கெட்டாம். உறையைப் பிரித்துப் பார்த்தேன். மூன்றாவது பேஸ் பக்கம், ஏழாவது வரிசை. “அதே சீட்டும்மா, உங்களுக்குப் பழகின இடமாச்சேன்னு” என்கிறாள். டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில், பந்து பட்டால் கம்பெனி பொறுப்பில்லை என்று அச்சடித்திருக்கிறது. கேக்கை வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த வரிசைக்கு டிக்கெட் பார்க்கும் கிழவர் ஹெர்ஷல் என் பஸ்ஸில் வரும் ஒரு பையனின் தாத்தா. அவரைப் பிடித்தேன். மட்டைச் சத்தம் கேட்டபோது லியோ பின்னால் திரும்பி அவரோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாராம். “அப்புறம் கத்தினாரா?” என்று கேட்டேன். “எனக்குக் காது மந்தம் தாயி, நான் எதைச் சொல்ல?” என்கிறார். ஆக என் புருஷன் முதுகைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். கத்தவே இல்லை, கத்தினேன் என்று என்னிடம் புளுகுகிறார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவில்லை என்பதைக்கூட ஒரு நாள் மன்னிப்பேன். அவள் நிமிர்ந்துவிட்டாள் என்று பழியை அவள் தலையிலேயே போடுகிறார் பார், அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

பத்தொன்பது வருடம் இந்த மனிதரோடு வாழ்ந்திருக்கிறேன். அவரை நம்புவதா வேண்டாமா என்பது உன் ஒரு வார்த்தையில் இருக்கிறது. வாயில் என்ன கொழுக்கட்டையா? கத்தினாரா, இல்லையா?

ரீட்டா


டன்லாப்
2 நவம்பர் 1997

ரீட்டா அம்மாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். நாலு முறை எழுதிக் கிழித்தேன்.

சார் கத்தியிருக்கலாம். கத்தியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஆனால் எனக்குக் கேட்டதா என்று கேட்டால், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அன்று கூட்டம் அதிகம். வாணவேடிக்கை நாள் அல்லவா, எல்லோரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாரைக் கோபிக்காதீர்கள். எனக்குச் சொல்லத் தகுதி இல்லைதான். எனக்கு ஆறு வயதில் என் அம்மா போய்விட்டாள். அந்த வெள்ளிக்கிழமை வரை உங்கள் வீட்டில் இருந்த ஏழு வாரம்தான் ஒரு வீட்டில் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருக்கிறது. அந்த வீடு உடைந்தால் என்னால் தாங்க முடியாது.

மார்னிக்கு ஒரு படப் புத்தகம் அனுப்பியிருக்கிறேன். குளிர் ஆரம்பித்துவிட்டது.

எமெட்


ஹார்லன்
30 நவம்பர் 1997

எமெட்டுக்கு,

மென்று முழுங்குகிறாய். லியோவைக் காப்பாற்றப் பார்க்கிறாய் என்பது குருடனுக்கும் தெரியும். “நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை” என்றால் கேட்கவில்லை என்று அர்த்தம். எனக்கு அதுவே போதும். போதாததற்கு மார்னியே சாட்சி சொல்லிவிட்டாள்.

தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்று நடந்தது. நான் வான்கோழி எல்லாம் செய்யவில்லை, கோழி ஒன்றை அடுப்பில் வைத்திருந்தேன். லியோ குடித்திருந்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். மார்னி நடுவில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு எப்போதும் போல அங்கேயே வந்து நின்றது.

“கத்தினேன் கத்தினேன்னு சொல்றியே, எப்படிக் கத்தின? இப்பக் கத்து பாப்போம்” என்றேன்.

“குழந்தை முன்னாடி வேணாம், ரீட்டா.”

“அவ முன்னாடிதான் வேணும். கத்து.”

அவர் கத்தவில்லை. தொண்டைக்குள்ளேயே மெதுவாக, “தலை” என்றார்.

மார்னியின் இடது கை எழுந்தது. நாலு மாதமாக அந்தக் கையால் ஒரு ஸ்பூன்கூடப் பிடிக்காதவள். போர்வைக்குள்ளிருந்து அது மெல்ல மெல்ல வெளியே வந்து தலைமேல் போய் உட்கார்ந்தது. முகத்தைத் தோளுக்குள் புதைத்துக்கொண்டாள்.

பேச்சு போய், நடை போய், எல்லாம் போன பிறகும் அவளுக்கு அது மறக்கவில்லை. அப்படியானால் அன்று ஒருவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ‘தலை’ என்று கத்தியிருந்தால் அவள் குனியாமல் இருந்திருப்பாளா? “கிளம்பு” என்றேன். கோட்டை எடுத்துக்கொண்டு போனான். அண்ணன் வீட்டு கராஜுக்கு மேலே இருக்கும் அறையில் இருக்கிறானாம். கோழி கருகிப்போயிற்று.

குளிப்பாட்ட இப்போது பக்கத்து வீட்டுப் பெண் வருகிறாள். அவள் மார்னியைத் தூக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள்.

ரீட்டா


டன்லாப்
21 டிசம்பர் 1997

ரீட்டா அம்மாவுக்கு,

மார்னி கை தூக்கினாள் என்று படித்ததும் குளத்தங்கரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா வந்து என்ன என்று கேட்டார். கால் வலி என்றேன்.

சாரைத் திரும்பக் கூப்பிடுங்கள். கிறிஸ்துமஸுக்காவது. அவர் பொய் சொல்கிறவர் இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியும். பஸ் நிலையத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன்.

ஒரு விஷயம். பெரிய லீக் அணி ஒன்றின் ஆள் வந்திருந்தார். மார்ச் மாதம் ஃப்ளோரிடாவில் அவர்களுடைய பயிற்சி முகாமுக்கு வரச் சொல்கிறார். இந்த வருடம் நான் ஆடியதைப் பார்த்தவராம். ஜூலைக்கு முன்னால். போவதா என்று தெரியவில்லை. உங்களிடம் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும்.

எமெட்


ஹார்லன்
11 ஜனவரி 1998

எமெட்டுக்கு,

ஃப்ளோரிடாவுக்குப் போ. நீயாவது உருப்படு. அந்த ராத்திரியில் உன் பங்கு ஒரு பந்தைச் சரியாக அடிக்காதது, அவ்வளவுதான். எல்லோரும் அப்படி அடித்திருக்கிறார்கள். அதற்காக நான் ஒரு நாளும் உன்னைக் குறை சொல்லவில்லை.

ஆனால் என் குடும்ப விஷயத்தில் எனக்குப் புத்தி சொல்லாதே.

வக்கீலைப் பார்த்துவிட்டேன். விவாகரத்து. மார்னி என்னிடம் மட்டும் இருக்க வேண்டும், லியோ அவளைப் பார்ப்பதென்றால் வேறொருவர் கூட இருக்க வேண்டும் என்று கேட்கப் போகிறேன். இப்போதுதான் அவள் ஒன்றிரண்டு வார்த்தை பேச ஆரம்பித்திருக்கிறாள். கவனிக்கத் தெரியாதவன் கையில் இனி என் பிள்ளையை ஐந்து நிமிடம் விடமாட்டேன். வக்கீல் உனக்கு ஒரு தாள் அனுப்புவார். நீ நவம்பரில் எழுதியதுதான் அதில் இருக்கும், புதிதாக ஒன்றும் இல்லை. லியோ கத்தியது உன் காதில் விழுந்ததாகச் சொல்ல முடியாது என்று. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. மார்ச் பத்தாம் தேதி கோர்ட்.

ரீட்டா


டன்லாப்
15 பிப்ரவரி 1998

ரீட்டா அம்மாவுக்கு,

வக்கீலின் தாள் மூன்று வாரமாக என் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன். அதில் இருப்பது பொய். நான் எழுதிக்கொடுத்த பொய்.

லியோ சார் கத்தினார். எனக்கு நன்றாகக் கேட்டது. அவர் பின்னால் திரும்பியிருந்தார், உண்மைதான். மட்டைச் சத்தம் கேட்டதும் சட்டென்று திரும்பி, பந்தைப் பார்த்து, “தலை” என்று கத்தினார். மார்னி மடியில் ஸ்கோர் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். அவர் கத்தியதும் பென்சிலைப் போட்டுவிட்டுக் குனிந்தாள். இரண்டு கையும் தலைமேல். நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே, அம்மா. அப்படியே இருந்திருந்தால் பந்து கையில் பட்டிருக்கும், இல்லை முதுகில் பட்டிருக்கும். விரல் உடைந்திருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீங்கள் பேக்கரி வேலையால் வெள்ளிக்கிழமைகளில் வருவதில்லை. ஒவ்வொரு முறையும் மட்டை பிடிக்கப் போகுமுன் நான் ஓரமாக நின்று, “மார்னீ” என்று இழுத்துக் கூப்பிடுவேன். அவள் என்ன செய்துகொண்டிருந்தாலும் நிமிர்ந்து, என்னைப் பார்த்து நாக்கைத் துருத்துவாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். அப்படிச் செய்த நாளில் பந்து நன்றாகப் படுகிறது என்று எனக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. ஆட்டக்காரர்களுக்கு இந்த மாதிரிப் பைத்தியம் உண்டு. ஜூன், ஜூலை வெள்ளிக்கிழமை எல்லாம் செய்தோம். இருபது இருபத்தைந்து தடவை இருக்கும்.

பந்து அவள் மேல் இறங்குவது தெரிந்ததும் என் வாயில் அவள் பெயர்தான் வந்தது. எச்சரிக்க நினைத்தேன். ‘தலை’ என்று கத்த வரவில்லை. “மார்னீ” என்றேன், எப்போதும் போல. குனிந்திருந்தவள் என் குரல் கேட்டதும் நிமிர்ந்தாள். நாக்கு பாதி வெளியே வந்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

இதைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். மட்டையைத் தூக்கினால் பார்க்கிறேன். கண் மூடினால் பார்க்கிறேன்.

செப்டம்பரிலேயே சொல்லியிருக்க வேண்டும். பயந்தேன். சொன்னால் உங்களை இழந்துவிடுவேன் என்று பயந்தேன். நீங்கள் திட்டி எழுதினாலும் அது எனக்கு வந்த கடிதம். தபால் பெட்டியில் உங்கள் கையெழுத்தைப் பார்க்கும் நாள் எனக்குத் திருவிழா. அதற்காக சாரைப் பலி கொடுத்தேன். மறைக்காமல் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கோர்ட்டில் காட்டுங்கள். சாரிடம் காட்டுங்கள். நான் ஃப்ளோரிடா போகவில்லை.

எமெட்


ஹார்லன்
15 மார்ச் 1998

எமெட்டுக்கு,

உன் கடிதம் வந்த அன்று என் பஸ்ஸில் ஒரு பிள்ளையை அவன் வீட்டில் இறக்காமல் தாண்டிப் போய்விட்டேன். இருபது வருடத்தில் முதல் தடவை. அவன்தான், “மிஸஸ் குபியாக், எங்க வீடு போயிருச்சு” என்று மெதுவாகச் சொன்னான்.

பஸ்ஸை நிறுத்திவிட்டு நேராக லியோவின் அறைக்குப் போனேன். அவர் ஷூ கட்டிக்கொண்டிருந்தார். உன் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“ஒருவழியா எழுதிட்டானா” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “உனக்குத் தெரியுமா?”

“பக்கத்துலதான உக்காந்திருந்தேன். எனக்குக் காது மந்தமில்ல.”

“அப்புறம் ஏன்யா சொல்லல? ஏழு மாசம் நாய் மாதிரி உன்னை விரட்டினேனே.”

“அவனுக்கு இருபத்திரெண்டு வயசு, ரீட்டா. உன்கிட்ட சொல்லியிருந்தா அவன் மறுபடி மட்டையையே தொட்டிருக்க மாட்டான். உனக்கும் யார் மேலயாவது கோவப்படணும். நான் பக்கத்துல இருந்தேன். சரி, கொஞ்ச நாள்ல அடங்கிரும்னு நெனச்சேன். அடங்கல.”

நான் அழுதேன். தெருவில் போகிற யாருக்குக் கேட்டாலும் பரவாயில்லை என்று அழுதேன். வீட்டுக்கு வா என்று கூப்பிட்டேன். கோர்ட்டு, வக்கீல் எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். மறுநாளே சொல்லியும்விட்டேன்.

அவர் வரவில்லை.

“தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கு என்னை ‘தலை’ன்னு சொல்லச் சொன்ன. அவ கையைத் தூக்கினா. நம்ம குழந்தை நாலு மாசத்துல மொத தடவையா கையைத் தூக்கினா, ரீட்டா. நீ அதைப் பாத்து சந்தோசப்படல. கேஸ் ஜெயிச்ச மாதிரி என்னைப் பாத்த. அந்த மூஞ்சியை என்னால மறக்க முடியல. முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்.”

அவர் சொன்னது நிஜம். நான் அப்படித்தான் பார்த்தேன்.

ஒமாஹா ரயில் யார்டில் வேலை கேட்டு ஜனவரியிலேயே எழுதிப் போட்டிருக்கிறார். கிடைத்துவிட்டது. நேற்றுக் கிளம்பினார். மாதம் ஒருமுறை வந்து மார்னியைப் பார்ப்பார். போகுமுன் வந்து அவளைக் குளிப்பாட்ட ஒரு கை கொடுத்தார். தலையைத் துவட்டிவிட்டு வெகு நேரம் அவள் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் என்னிடம் ஒன்று கேட்டார். அவளுக்கு என்றைக்காவது விவரம் தெரிந்து கேட்டால், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அப்பாதான் என்று சொல்லிவிட வேண்டும். எமெட் கூப்பிட்டான், அதனால்தான் நிமிர்ந்தாள் என்பது அவளுக்குத் தெரியவே கூடாது. “அவனை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். அதையும் அவகிட்டேர்ந்து எடுக்க வேணாம்” என்றார். சரி என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

நீ கூப்பிட்டதற்கு உன்னை நான் மன்னித்துவிட்டேன், எமெட். முதல் வாசிப்பிலேயே மன்னித்துவிட்டேன். பிரியத்தில் வந்த குரல் அது, யாருக்கும் அப்படித்தான் வரும். செப்டம்பரில் நான் கேட்டேன். அக்டோபரில் கெஞ்சிக் கேட்டேன். அப்போது சொல்லியிருந்தால் என் வீட்டுக்காரர் இன்று இந்த வீட்டில் இருப்பார். நீ மீன் பெருத்திருக்கிறது என்று எழுதினாய். அதை மன்னிக்க எனக்கு வழி தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

இனி எழுதாதே. நீ எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் இதோடு கட்டி அனுப்பியிருக்கிறேன், கடைசிக் கடிதம் உட்பட. கொளுத்து, குளத்தில் போடு, என்னவோ செய். இந்த வீட்டில் அவை இருக்கக் கூடாது. போன வாரத்திலிருந்து மார்னி எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள்.

ரீட்டா குபியாக்